வீட்டை "கேரண்டி வாடகை" கம்பெனியிடம் ஒப்படைக்கும் முன் படியுங்கள்

போனது 1,47,000 ரூபாய். மாதம் 18,000 வீதம் ஏழு மாத வாடகை 1,26,000. கம்பெனியே கட்டுவதாகச் சொல்லிவிட்டுக் கட்டாமல் விட்ட அசோசியேஷன் மெயின்டனன்ஸ் 21,000. இதுபோக 9 லட்சம் தலைக்கு மேல் தொங்குகிறது. வயிறு எரிகிறது, எழுதுகிறேன்.

பள்ளிக்கரணைப் பக்கம் லோன் போட்டு வாங்கிய ஃபிளாட். ஓனர் வெளியூரில் இருந்தால் ஆள் பிடிப்பது, வசூல், ரிப்பேர் எல்லாம் பார்த்துக்கொள்ளும் கம்பெனிகள் சென்னையில் நிறைய இருக்கின்றன. அதில் ஒன்றிடம் ஒப்படைத்தேன். வீடு காலியாகக் கிடந்தாலும் வாடகை வரும் என்றார்கள். வந்தது. 5ஆம் தேதி இஎம்ஐ, 1ஆம் தேதி காலையிலேயே பணம் ஏறிவிடும். முதல் நான்கு மாதம் அப்படிக் கொடுத்ததுதான் தூண்டில் புழு.

11 மாத ஒப்பந்தத்தோடு, என் சார்பில் கையெழுத்துப் போட அவர்களுக்கு அதிகாரம் தரும் ஒரு பவர் பத்திரத்தையும் நீட்டினார்கள். "ஈபி ஆபீஸ், அசோசியேஷன் வேலைக்கு வேணும் சார், சும்மா ஃபார்மாலிட்டி." மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: "வாடகைக்கோ குத்தகைக்கோ விடவும், அதற்குரிய தொகையைப் பெற்றுக்கொள்ளவும்." அந்த வரியை வைத்து உள்ளே குடிவந்த குடும்பத்திடம் 9 லட்சம் லீஸ் பணம் வாங்கிவிட்டார்கள். லீஸ் என்றால் மாத வாடகை கிடையாது, மொத்தமாக வாங்கிய பணத்தைக் காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டும். ஓனருக்கு மாத வாடகை, குடியிருப்பவருக்கு லீஸ். இதுதான் வித்தை.

கணக்கைப் பாருங்கள். 18,000 வீதம் வருடத்துக்கு 2,16,000. 9 லட்சத்தை வைத்து அதைச் சம்பாதிக்க 24 சதவீத வருமானம் வேண்டும். எந்த பேங்க் தரும்? அடுத்த வீட்டில் வாங்கிய லீஸ் பணம்தான் இந்த வீட்டு வாடகையாக வருகிறது. புது லீஸ் குறையும் மாதம் எல்லோருக்கும் வாடகை நிற்கும்.

நின்றது. "அக்கவுண்ட்ஸ்ல சொல்லியாச்சு சார்." "சாஃப்ட்வேர் மாத்துறோம், வெள்ளிக்கிழமை வந்துடும்." "உங்க டிக்கெட் க்ளோஸ் ஆயிடுச்சு, புதுசா போடுங்க." கடைசியாக ஃபோனை எடுத்த பெண், தான் சேர்ந்தே இரண்டு வாரம்தான் ஆகிறது என்றார். 1,47,000 ரூபாய்க்கு இதுதான் பதில்!

குடியிருப்பவர்கள்மேல் கோபமில்லை, அவர்களும் ஏமாந்தவர்கள். ஆனால் 9 லட்சம் கைக்கு வராமல் காலி செய்ய மாட்டார்கள். பவர் வாங்கியவர் அந்த அதிகாரத்துக்குள் செய்த ஒப்பந்தம் கொடுத்தவரையும் கட்டுப்படுத்தும் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 226ஆம் பிரிவு. வக்கீல் முதலில் காட்டியதே அதைத்தான்.

லோன் முதல் பராமரிப்பு வரை விவரமாக எழுத நினைத்தேன். இப்போது பொறுமை இல்லை, அவசரத்துக்கு இவ்வளவுதான்.

பணம் வாங்கும் அதிகாரத்தைப் பவரில் கொடுக்காதீர்கள். வாடகை ஒப்பந்தம் உங்களுக்கும் குடியிருப்பவருக்கும் நேரடியாக இருக்கட்டும். 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். வாடகையும் அட்வான்ஸும் உங்கள் கணக்குக்கே வர வேண்டும், கம்பெனிக்குக் கமிஷன் மட்டும். ஏற்கெனவே பவரைப் பதிவு செய்து கொடுத்திருந்தால் ரத்துப் பத்திரத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, நகலைக் கம்பெனிக்கும் குடியிருப்பவருக்கும் ஒப்புகையுடன் அனுப்புங்கள். லோன் போட்டு வாங்குபவர்கள் வருடத்துக்குப் பத்து மாத வாடகை என்றே கணக்குப் போடுங்கள், ஆறு இஎம்ஐ தனியாகக் கையில் இருக்கட்டும். வாடகை நின்றாலும் பேங்க் நிற்காது, ஒரு இஎம்ஐ பவுன்ஸ் ஆனாலே சிபில் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) அடி வாங்கும்.

இப்போது வாடகை ஒழுங்காக வருகிறவர்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு நேரில் போங்கள். குடியிருப்பவரிடம் யாருக்கு, எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டு, ரசீதை வாங்கிப் பாருங்கள்.