பைல் (மண்ணுக்குள்ள ஆழமா இறக்குற அஸ்திவாரத் தூண்) டிசைன் பண்ணிக் கொடுத்த கன்சல்டன்ட், 5க்கு 3.5 ஸ்டார்

எங்க மனை முழுக்க களிமண்ணுங்க, மழைக்கு ஊதும் வெயிலுக்கு வெடிக்கும், சாதா ஃபூட்டிங் அஸ்திவாரம் தாங்காதுன்னு ஒரு ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட்கிட்ட போனோம். மண் டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாம ஒரு கோடு கூட போட மாட்டேன்னுட்டாரு, அங்கயே மனுசன் பாஸ். போர் போட்டு எஸ்பிடின்னு ஒரு மண் டெஸ்ட் பண்ணாங்க, அதாவது 63.5 கிலோ சுத்தியல 760 மி.மீ உயரத்துலேர்ந்து விட்டு கடைசி 300 மி.மீ இறங்க எத்தன அடின்னு எண்ணுறது. மேல 4 மீட்டர் வரைக்கும் நாலஞ்சு அடியிலயே பொதுக்குன்னு இறங்குது, 6 மீட்டருக்குக் கீழதான் எண்ணிக்கை 30ஐ தாண்டுச்சு.

அதனால அண்டர்ரீம்டு பைல் குடுத்தாரு. 300 மி.மீ குழி, அடியில 750 மி.மீக்கு குமிழ் மாதிரி அகலப்படுத்தணும், மண்ணு ஊதி பைல மேல தூக்கப் பாத்தா அந்தக் குமிழ்தான் நங்கூரம் மாதிரி பிடிச்சுக்குமாம். பைல்களை மேல இணைக்கிற கிரேடு பீமுக்கு அடியிலயும் இடைவெளி விடச் சொன்னாரு, இல்லன்னா ஊதுற மண்ணு பீமையே முட்டித் தூக்கிடும். நம்ம மேஸ்திரிக்கு இது சுத்தமா புரியல, மண்ணைப் போட்டு நிரப்பப் பாத்தாரு, நல்லவேள நான் அங்க நின்னேன்!

கடுப்பான விஷயம், டிராயிங் மூணு வாரம் லேட்டு, கம்பி ஷெட்யூல் (எந்தக் கம்பி எத்தனைங்கிற பட்டியல்) தனியா கேட்டு வாங்க வேண்டியிருந்துச்சு, குழியில தண்ணி ஊறுன அன்னைக்கு ஃபோனே எடுக்கல. சாயங்காலம் வந்து ட்ரெமி பைப் (குழியோட அடி வரைக்கும் இறக்குற நீளக் குழாய்) வச்சு அடியிலேர்ந்து கான்கிரீட் போடுங்கன்னு கூலா சொல்றாரு, அத டிராயிங்லயே ஒரு வரி எழுதியிருக்கலாம்ல?