ஃபோலி கதீட்டரா, காண்டம் கதீட்டரா?

சென்னையில் ஐசியூ வாசலில் காத்திருக்கும் பிள்ளைகள் பலருக்கும் வரும் குழப்பம் இது: அப்பாவுக்கு உள்ளே போட்ட சிறுநீர்க் குழாய் (ஃபோலி) அப்படியே இருக்கட்டுமா, எடுத்துவிட்டு ஆணுறை போல வெளியே மாட்டுவதை (காண்டம்) போடச் சொல்லலாமா?

தொற்று
ஃபோலி: சிறுநீர்ப்பைக்குள்ளேயே போய் உட்காருவதால் கிருமிக்கு நேர்வழி, வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்து கூடும். 2006இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தியா உட்பட 8 வளரும் நாடுகளின் 55 ஐசியூக்களில், 1000 கதீட்டர் நாட்களுக்கு (ஒருவருக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் அது ஒரு கதீட்டர் நாள்) 8.9 சிறுநீர்த் தொற்றுகள். கொஞ்ச நஞ்சமில்லை.
காண்டம்: உள்ளே போகாது, ஆபத்து குறைவு.

அளவு
ஃபோலி: மணிக்கு மணி சிறுநீர் அளவு பார்க்க வேண்டிய ஷாக் (ரத்த அழுத்தம் ஆபத்தாகக் குறைந்த நிலை) நோயாளிக்கு இதுதான் சரி.
காண்டம்: கசியும், கழன்றுவிடும், அளவு தவறும்.

தோல்
காண்டம்: இறுக்கமானால் புண்ணாகும். நம்ம ஊர் வியர்வையில் தினமும் கழற்றி, கழுவி, ஈரம் போகத் துடைத்துப் புதிதாக மாட்ட வேண்டும்.

செலவு
காண்டம் அடிக்கடி வாங்க வேண்டும்தான். ஆனால் ஃபோலியால் தொற்று வந்தால் ஆன்டிபயாடிக், கூடுதல் ஐசியூ நாட்கள் என்று பில் எங்கேயோ போய்விடும்.

புராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர் அடைப்பா? ஃபோலிதான், காண்டம் உதவாது. நினைவோடு இருக்கிறார், தானாகச் சிறுநீர் போகிறதா? காண்டம் போதும். ஃபோலி தொடர்ந்தால், சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை, அவருடைய சிறுநீர்ப்பை மட்டத்துக்குக் கீழே தொங்குகிறதா, தரையில் படாமல் இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் தினமும் ரவுண்ட்ஸ் வரும்போது கூச்சப்படாமல் கேளுங்கள்: "டாக்டர், இது இன்னும் தேவையா?"