வத்தல்மலைக்கு எந்த ஸ்டவ்? பித்தளை பம்ப்பும் ஸ்வீயாவும்

மார்கழி மாதம், காலை ஐந்தரை மணி. வத்தல்மலையில் நண்பரின் காப்பித் தோட்டத்து ஓரம் உட்கார்ந்து பம்ப் ஸ்டவ்வை இருபது தடவை அடித்துவிட்டேன், காற்று ஏறவில்லை. ராடு சும்மா போய் வருகிறது. முந்தின நாள் தர்மபுரியில் கிளம்பும்போது ராடு நுனியில் இருக்கும் தோல் வாஷருக்குத் தேங்காயெண்ணெய் விட்டிருந்தேன். மலைக்குளிரில் அது உறைந்து, தோல் விறைத்துவிட்டது. ராடைக் கழற்றி, வாஷரை உள்ளங்கையில் தேய்த்துச் சூடேற்றி, ஓரத்தை விரலால் விரித்து மாட்டினேன். நாலே அடியில் கைக்குக் கனம் தெரிந்தது. அன்றிலிருந்து விளக்கெண்ணெய்தான்.

என்னிடம் இருக்கும் இன்னொன்று ஸ்வீயா 123. கைக்கடக்கமான பித்தளை பெட்ரோல் ஸ்டவ், 1955-இல் வந்த மாடல். இரண்டுக்கும் பூர்வீகம் ஸ்வீடன்தான். 1892-இல் லிண்ட்க்விஸ்ட் என்பவர் அங்கே செய்த பிரைமஸ் ஸ்டவ்வின் பேரப்பிள்ளைதான் நம் வீட்டு பம்ப் ஸ்டவ்.

அழகில் ஸ்வீயாவுக்கு ஈடில்லை. பம்ப்பே கிடையாது. டேங்க்கின் தலையில் இருக்கும் குழியில் கொஞ்சம் பெட்ரோலை விட்டுப் பற்றவைத்தால், டேங்க் சூடேறித் தானே அழுத்தம் பிடிக்கும். அப்புறம் சாவியைத் திருகினால் ஓவென்று எரியும். தனியாகப் போகிறவருக்கு ஒரு டம்ளர் காப்பி போட இதுவே போதும். ஆனால் அதே சூடுதான் அதன் ஆபத்தும். அகலமான குண்டானை மேலே வைத்து, காற்றுக்குத் தகரத்தையும் சுற்றி மறைத்தால் டேங்க் அளவுக்கு மீறிச் சூடாகும். மூடியில் இருக்கும் பாதுகாப்பு வால்வு திறந்து, பீறிடும் ஆவி தீப்பிடிக்கும்.

எரிபொருளும் தொல்லை. அதற்கு வேண்டியது எதுவும் கலக்காத சுத்தமான வெள்ளை பெட்ரோல். நம் பெட்ரோல் பங்குகளில் வருவது எத்தனால் 20 சதவீதம் கலந்தது. பழைய ரப்பர் வாஷர்கள் அதில் ஊறிக் கெட்டுப்போகும். பாட்டிலை நீட்டினால் பங்கில் மேலும் கீழும் பார்ப்பார்கள்.

பம்ப் ஸ்டவ்வுக்கு வேண்டிய மண்ணெண்ணெய் ரேஷனில் முன்போலக் கிடைப்பதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கையாள அது சாது. சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம், பெட்ரோல் சிந்தினால் பத்தடி தள்ளித்தான் தீக்குச்சி. மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பெட்ரோலை ஊற்றும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

பம்ப் ஸ்டவ்வுக்குப் பொறுமை வேண்டும். பர்னருக்கு அடியில் இருக்கும் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி எரித்து, அது அணையப் போகும் நேரத்தில்தான் அடிக்க வேண்டும். அவசரப்பட்டால் பர்னர் சூடாகாமல் எண்ணெயாகவே பீய்ச்சி, மஞ்சள் தீ முழ உயரம் எழும். உடனே காற்றைத் திறந்துவிடும் திருகைத் தளர்த்துங்கள், அடங்கிவிடும்.

ரிப்பேர் விஷயத்தில்தான் எனக்குத் தீர்ப்பு கிடைத்தது. தீ மங்கியதும் பின் எடுத்து, எண்ணெய் ஆவி பீறிடும் ஓட்டை உள்ள நிப்பிளைக் குத்துவோமே, தகரப் பட்டை நுனியில் தலைமுடி மாதிரிக் கம்பி இருக்கும், அது. தடித்த ஊசியால் குத்தி ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டால் அப்புறம் நீலத்தீயே வராது, நிப்பிளை மாற்றத்தான் வேண்டும். தர்மபுரிச் சந்தையோரம் ஸ்டவ் ரிப்பேர் செய்யும் பெரியவரிடம் என் ஸ்டவ்வைக் கொடுத்தபோது, நிப்பிளை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு, "கோணி ஊசியில குத்தினீங்களா சார்?" என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. புது நிப்பிள், வாஷர், பம்ப்புக்கு அடியில் இருக்கும் வால்வு எல்லாமே அவருடைய தகர டப்பாவில் இருந்தன. ஸ்வீயாவின் மூடி வாஷரைக் காட்டினேன். "இது நம்ம சரக்கு இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

திரி ஸ்டவ்வையும் கேட்பீர்கள். வீட்டுக்கு நல்லது, மலைக்கு ஆகாது. காற்றில் தீ அலையும், சாய்ந்தால் எண்ணெய் கொட்டும்.

ஆகவே நாலு பேர் போனால் பம்ப் ஸ்டவ், கூடவே நாலு பின், இரண்டு வாஷர், மருந்து பாட்டிலில் விளக்கெண்ணெய். எதை எடுத்தாலும் கூடாரத்துக்குள் பற்றவைக்காதீர்கள், விஷவாயு தேங்கும். அஞ்செட்டிப் பக்கம் காப்புக்காட்டுக்குள் அடுப்பே கூடாது.

ஸ்வீயாவையும் விற்கவில்லை. டேங்க்கைக் காலி செய்து, புளி போட்டு விளக்கி ஷோகேஸில் வைத்திருக்கிறேன். தனியாகக் கிளம்பும் நாளில் மட்டும் இறங்கும்.