ஏ.டி.எக்ஸ்: சும்மா இருக்கச் சொல்லும் கோடு

என் பங்கு விலை சார்ட்டில் நிரந்தரமாக இருக்கும் இண்டிகேட்டர் ஒன்றே ஒன்றுதான், ஏ.டி.எக்ஸ். (ஆவரேஜ் டைரக்‌ஷனல் இண்டெக்ஸ்). விலையின் போக்கில் எவ்வளவு வலு இருக்கிறது என்று காட்டும் கோடு அது. காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். மூன்றரைக்குச் சந்தை மூடியதும், பேரேட்டை விரிப்பதற்குள் டெய்லி சார்ட்டை ஒரு பார்வை. அன்றே வாங்கி அன்றே விற்கிற இன்ட்ராடே ஆட்களுக்கு நான் சொல்வது எவ்வளவு பொருந்தும் என்பது அவரவர் பாடு.

வெல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்கர் 1978-ல் ஒரு புத்தகத்தில் இதை வெளியிட்டார். ஆர்.எஸ்.ஐ. என்ற இன்னொரு பிரபல இண்டிகேட்டரும் அதே புத்தகத்தில் வந்ததுதான். நோட்டில் கையாலேயே போட்டுப் பார்த்துவிடக்கூடிய கணக்கு. நேற்று ஒரு பங்கின் உச்சம் 500, தாழ்வு 490. இன்று உச்சம் 508, தாழ்வு 487 என்று வையுங்கள். மேலே 8 ஏறியிருக்கிறது, கீழே 3 இறங்கியிருக்கிறது. பெரியதான 8-ஐ ப்ளஸ் பத்தியில் எழுதிவிட்டு 3-ஐ அடித்துவிட வேண்டும். நேற்றைய எல்லைக்குள்ளேயே இன்று அடங்கிவிட்டால் இரண்டு பத்தியிலும் பூஜ்யம். 14 நாளுக்கு இப்படிச் சேர்த்து, அந்த நாட்களின் ஏற்ற இறக்க வீச்சால் வகுத்தால் ஏற்றத்துக்கு ப்ளஸ் டி.ஐ., இறக்கத்துக்கு மைனஸ் டி.ஐ. கிடைக்கும். இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, நூறால் பெருக்கி, மறுபடி 14 நாள் சராசரி எடுத்தால் ஏ.டி.எக்ஸ். அந்த வித்தியாசத்தில் கூட்டல் கழித்தல் குறி பார்ப்பதில்லை. திசை தொலைவது அங்கேதான். பஸ் என்ன வேகத்தில் போகிறது என்று சொல்லும். மதுரைக்கா திருச்சிக்கா என்று சொல்லாது.

தேவகோட்டையிலிருந்து அயித்தான் போன் போட்டார். "மாப்ளே, ஏ.டி.எக்ஸ். 38 காட்டுது, வாங்கிரவா?"

"மைனஸ் டி.ஐ. எங்க இருக்குன்னு பாருங்க அயித்தான். விழுறதுதான் பலமா விழுகுது."

அவர் சார்ட்டில் அந்தக் கோடே இல்லை. டிரேடிங்வியூ என்ற சார்ட் தளத்தில் 'ஆவரேஜ் டைரக்‌ஷனல் இண்டெக்ஸ்' என்று தேடிப் போட்டால் ஒற்றைக் கோடுதான் வரும். 'டைரக்‌ஷனல் மூவ்மெண்ட் இண்டெக்ஸ்' போட்டால்தான் மூன்றும் வரும். அதைப் போடுங்கள்.

எனக்கு இதன் பெரிய உபயோகம் 20-க்குக் கீழே இருக்கும்போதுதான். பங்கு ஒரே இடத்தில் உழலும். கடந்த சில நாள் விலையின் சராசரியான மூவிங் ஆவரேஜ் இன்று வாங்கச் சொல்லும், நாலு நாளில் விற்கச் சொல்லும், புரோக்கரேஜும் வரியும்தான் மிச்சம். அந்த நேரத்தில் ஏ.டி.எக்ஸ். என்னைக் கையைக் கட்டிக்கொண்டிருக்க வைக்கிறது. 25-ஐத் தாண்டினால் போக்கில் வலு இருக்கிறது என்பது பொது வழக்கம். அதற்காக 25-ஐத் தொட்டதும் பாய்வது வீண். சராசரிக்கு மேல் சராசரி என்பதால் பாதி ஓட்டம் முடிந்த பிறகே மெல்லத் தலை தூக்கும். உச்சத்திலிருந்து கோடு இறங்குவதைப் பார்த்து விலையும் இறங்கும் என்று விற்கிறவர்கள் உண்டு. ஏறுகிற விலை கொஞ்சம் மூச்சு வாங்கினாலும் கோடு இறங்கத்தான் செய்யும்.

குறை என்றால் ஆப்களைத்தான் சொல்வேன். ஒரே பங்கு, ஒரே நாள். ஓர் ஆப் 22 காட்டும், இன்னொன்று 27. வைல்டர் முறையில் பழைய நாட்களின் பாக்கி வந்துகொண்டே இருக்கும், ஆகவே எவ்வளவு பழைய விலையிலிருந்து கணக்கைத் தொடங்கினார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். சராசரி எடுக்கும் முறையையே மாற்றிவிடுகிற ஆப்களும் இருக்கின்றன, அதை எங்கும் சொல்வதும் இல்லை. ஏதாவது ஓர் ஆப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பட்டியலான பங்கில் முதல் சில மாதம் இந்தக் கோட்டை நான் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.