கேனன் பி: திரைச் சுருக்கத்துக்குப் பயப்பட வேண்டாம், லென்ஸைப் பாருங்கள்

1959இல் வந்த ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவான கேனன் பி-யை வாங்க அதன் வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல்) ஒன்றே போதும். வெறுங்கண்ணுக்குத் தெரியும் அதே அளவில் அதில் காட்சி தெரியும். அதனால் இரு கண்ணையும் திறந்து வைத்தே படமெடுக்கலாம். சட்டத்துக்குள் யார் நுழையப் போகிறார் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். 35, 50, 100 மி.மீ. லென்ஸ்களுக்கான சட்டக் கோடுகள் மூன்றும் எப்போதும் சேர்ந்தே தெரியும். ஃபோகஸைத் திருப்பினால், ஜன்னலும் லென்ஸும் வேறு வேறு இடத்திலிருந்து பார்ப்பதால் வரும் விலகலை (பாரலாக்ஸ்) சரிக்கட்ட அவையும் நகரும். 35இன் கோடு விளிம்பில் ஒட்டிக் கிடப்பதால் கண்ணாடி போட்டவர்களுக்கு முழுதாகத் தெரியாது. 35தான் உங்கள் லென்ஸ் என்றால் வேறு கேமரா பாருங்கள். 50க்கு இது அருமை.

தூரம் பார்த்து ஃபோகஸ் செய்ய உதவும் ரேஞ்ச்ஃபைண்டரின் அடித்தள நீளம், அதாவது அதன் இரு ஜன்னல்களுக்கு இடையிலான தூரம், 41 மி.மீ.தான். இது கூடக் கூட ஃபோகஸ் துல்லியமாகும். லைக்கா எம்3இல், உருப்பெருக்கத்தையும் கணக்கில் சேர்த்தால், சுமார் 62 வரும். 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸை முழுதாகத் திறந்து எடுக்க 41 போதும். 100 மி.மீ. எஃப் 2இல் கிட்டத்தில் ஒரு முகத்தை எடுத்தால் கண்ணுக்குப் பதில் காது கூர்மையாக விழலாம்.

ஷட்டர் திரை துருப்பிடிக்காத எஃகுத் தகடு. துணித்திரையில் விழுவதுபோல, லென்ஸ் வழியே விழும் வெயிலில் இதில் ஓட்டை விழாது. ஆனால் ஃபிலிம் மாட்டும்போது விரல் பட்டால் சுருக்கம் விழுந்துவிடும். இன்று கிடைக்கும் பெரும்பாலானவற்றில் இந்தச் சுருக்கம் உண்டு. திரை தடையில்லாமல் ஓடுகிறவரை படத்துக்கு ஒன்றும் ஆகாது. நீவிச் சரிசெய்யப் போனால்தான் வினை.

வாங்கும்முன் லென்ஸைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, வெளிச்சமான சுவரைப் பார்த்து 1/1000இல் தட்டுங்கள். சட்டம் முழுக்க ஒரே சீராக மின்ன வேண்டும். ஒரு பக்கம் இருட்டாக இருந்தால் பின்திரை முன்திரையை எட்டிப் பிடிக்கிறது என்று அர்த்தம். பிறகு 1 நொடியில் வைத்துக் காது கொடுங்கள்: பற்சக்கரங்கள் இழுத்து இழுத்து ஓடினாலோ நடுவில் நின்றாலோ பழைய கிரீஸ் இறுகிவிட்டது. எண்ணெய் விட்டுப் பார்க்கும் வேலை வேண்டாம், அது திரை வரை கசியும். முழுதாகப் பிரித்துச் சுத்தம் செய்யக் கொடுப்பதுதான் வழி.

உண்மையான நஷ்டம் லென்ஸில் ஒளிந்திருக்கும். லென்ஸ் பொருத்தும் மவுன்ட் லைக்காவின் 39 மி.மீ. திருகுதான் என்பதால் தேர்வுக்குக் குறைவில்லை. ஆனால் கேனனின் 50 மி.மீ. எஃப் 1.8இல் அபெர்ச்சருக்குப் பின்னாலுள்ள கண்ணாடியில் பால்போன்ற மூட்டம் படிவது பிரசித்தம். பின்பக்கமிருந்து டார்ச் அடித்தால் உடனே தெரியும். சிலவற்றில் துடைத்தால் போகும். சிலவற்றில் கண்ணாடியையே அரித்திருக்கும், அதற்கு வைத்தியம் கிடையாது. டார்ச் அடித்துப் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள்.

பின்மூடி கீல் வைத்தது. அதனால் பழைய அடித்திறப்பு கேமராக்களைப் போல ஃபிலிம் நுனியைக் கத்தரிக்க வேண்டியதில்லை. அட்வான்ஸ் லீவரை இழுக்கும்போது இடப்பக்க ரீவைண்ட் குமிழ் சுற்றினால் ஃபிலிம் நகர்கிறது. சுற்றாவிட்டால் எதிர்ப்பக்கச் சுருள்தண்டு ஃபிலிமைப் பிடிக்கவில்லை. ஃபிளாஷோடு எடுக்கக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகம் (சின்க்) 1/55 நொடி. உள்ளே லைட் மீட்டர் இல்லை. மேலே மாட்டும் பழைய செலினியம் மீட்டரை நம்புவதைவிட ஃபோன் செயலி மேல். ரீவைண்டுக்கு ஷட்டர் பொத்தானைச் சுற்றியுள்ள வளையத்தை ‘ஆர்’ பக்கம் திருப்புங்கள். அடுத்த சுருளைப் போடும்முன் படமெடுக்கும் நிலையான ‘ஏ’ பக்கம் வந்துவிட்டதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.