கிளிப்பா, அலைனரா? மாட்டிக்கொள்வதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

பல் வரிசையைச் சரி பண்ணிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தவர்கள் முதலில் கேட்பது, ‘வெளியே தெரியுமா?’ என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். என் தம்பி உலோகக் கிளிப் போட்டுக்கொண்டு 20 மாதம் சுற்றியவன். அவனுக்குக் கழற்றி இரண்டு வருடம் கழித்து நான் அலைனர், அதாவது பல்லின் மேல் கழற்றி மாட்டுகிற தெளிவான பிளாஸ்டிக் உறை, எடுத்துக்கொண்டு 14 மாதம் ஓட்டினேன், ஆக ஒரே வீட்டில் இரண்டையும் கிட்டத்தில் பார்த்தாகிவிட்டது. இப்போது என்னிடம் யாராவது கேட்டால், தெரியுமா தெரியாதா என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளச் சொல்வேன். கிளிப் நீங்கள் மறந்தாலும் வேலை செய்துகொண்டிருக்கும். அலைனரை மறந்தால் அது டப்பாவில் தூங்கும். மற்ற வித்தியாசங்களில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

பல் நகர்கிற விதம் இரண்டிலும் ஒன்றுதான். பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே சுமார் கால் மில்லிமீட்டரே தடிமன் உள்ள ஒரு மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. பல்லை ஒரு பக்கமாக விடாமல் லேசாக அழுத்தினால், அழுந்துகிற பக்கம் எலும்பு கரையும், எதிர்ப்பக்கம் புது எலும்பு வளரும், பல் அந்தப் பள்ளத்துக்குள் மெதுவாக இடம் மாறும். ‘விடாமல்’ என்பதுதான் முக்கியம். கிளிப்பில் பல்லில் ஒட்டிய சிறு பிராக்கெட்டுகளும் அவற்றின் வழியாகப் போகும் கம்பியும் அந்த வேலையை இரவு பகலாகப் பார்க்கின்றன. அலைனரில், உங்கள் பல் இப்போது இருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் மாறாக வார்த்த பிளாஸ்டிக் ட்ரே அதைச் செய்கிறது. ஒரு ட்ரே ஒரு பல்லை நகர்த்துவது சுமார் 0.25 மில்லிமீட்டர், அவ்வளவுதான். ஒரு வாரமோ இரண்டு வாரமோ போட்டுவிட்டு அடுத்த ட்ரேக்குப் போக வேண்டும். எனக்கு மேலும் கீழுமாக 31 ஜோடி வந்தன, அதன் பிறகு திருத்தத்துக்கு இன்னும் 11.

யோசனை ஒன்றும் புதிதில்லை. 1945இலேயே கெஸ்லிங் என்ற அமெரிக்க பல் மருத்துவர், கிளிப் கழற்றிய பிறகு கடைசிச் சீரமைப்புக்கு பல்லின் மேல் மாட்டுகிற ரப்பர் உறை ஒன்றை, ‘பொசிஷனர்’ என்று, செய்தார். ஆனால் முழுச் சிகிச்சையையும் அப்படிச் செய்ய வேண்டுமென்றால், ஒவ்வொரு படிக்கும் மெழுகில் பல்லைக் கையால் நகர்த்தி வைத்து அச்செடுப்பது யாரால் ஆகும்? 1997இல் கலிபோர்னியாவில் தொடங்கிய அலைன் டெக்னாலஜி நிறுவனம் அந்த வேலையைக் கணினியிடம் கொடுத்தது. எல்லாப் படிகளையும் திரையில் திட்டமிட்டு, படிக்கு ஒரு மாடலாக அச்சடித்து, அதன் மேல் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி வார்த்தார்கள். அதுதான் இன்விசலைன். இப்போது அதே பாணியில் வேறு பல நிறுவனங்களும் செய்கின்றன.

சரி, அந்தத் திட்டத்தை டாக்டர் திரையில் அனிமேஷனாகக் காட்டும்போது எல்லாருக்கும் ஒரு மயக்கம் வரும். கோணலாக இருக்கிற பல் எல்லாம் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி வழுக்கிப்போய் வரிசையில் நிற்கும். வாய்க்குள் அப்படி நடப்பதில்லை. 2009இல் வெளியான ஒரு ஆய்வில், திட்டத்தில் காட்டிய முன்பல் நகர்வில் சராசரியாக 41 சதவீதம்தான் உண்மையில் நடந்திருந்தது. 2020இல் எல்லாப் பற்களையும் சேர்த்து மறுபடி பார்த்தபோது அது 50 சதவீதமாக இருந்தது. இதைப் படித்துவிட்டு ஓட வேண்டாம். இதனால்தான் முதல் தொகுதி ட்ரே முடிந்ததும் மறுபடி ஸ்கேன் எடுத்து ‘ரிஃபைன்மென்ட்’ என்று இன்னொரு தொகுதி தருகிறார்கள். அது கிட்டத்தட்ட எல்லாருக்கும் வரும், எனவே முதல் நாளே ‘எத்தனை சுற்று உங்கள் பேக்கேஜில் அடக்கம்?’ என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை.

எந்தப் பல் பிளாஸ்டிக்குக்கு அடங்காது என்பதும் ஓரளவு தெரிந்த விஷயம்தான். உருண்டையான கோரைப்பல்லைச் சுழற்றுவது கஷ்டம், ட்ரேக்குப் பிடி கிடைக்காமல் வழுக்கும். உள்ளே அமுங்கியிருக்கும் பல்லைக் கீழே இழுத்து வருவது அதைவிடக் கஷ்டம். பல் பிடுங்கி அந்த இடைவெளியை மூட வேண்டிய நிலையில், வேரோடு நிமிர்ந்து நகர வேண்டிய பல் தலை சாய்ந்து விழப் பார்க்கும். இந்த மூன்றிலும் கம்பிதான் ராஜா. தம்பிக்கு நான்கு பல் எடுத்துத்தான் கிளிப் போட்டார்கள், அவனுக்கு அலைனர் வேண்டாம் என்று டாக்டர் சொன்னது சரிதான் என்று இப்போது புரிகிறது. முன்பல்லில் லேசான நெரிசல், சின்னச் சின்ன இடைவெளி, சிறுவயதில் கிளிப் போட்டுக் கழற்றியபின் மறுபடி கோணிய பல், இவற்றுக்கெல்லாம் அலைனர் தாராளமாகப் போதும்.

‘கண்ணுக்கே தெரியாது’ என்பதில் சொல்லாமல் விடுவது அட்டாச்மென்ட்டை. பல் நிறத்தில் பசை போன்ற கலவையைப் பல்லின் மேல் குட்டிக் குட்டி மேடாக வைத்து, நீல விளக்கு காட்டி இறுக வைப்பார்கள். ட்ரேக்குப் பிடி கிடைக்கத்தான் இது. எனக்கு மொத்தம் 12. ட்ரே போட்டிருந்தால் பெரிதாகத் தெரியாது, கழற்றினால் உதட்டில் உரசும், காபி பிரியர்களுக்கு ஓரத்தில் மஞ்சள் பிடிக்கும். சிலருக்கு அதோடு ரப்பர் பேண்டும் மாட்டச் சொல்வார்கள். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய பட்டையால் தேய்த்து இடம் பண்ணுவதும் உண்டு, ஓர் இடுக்குக்கு அரை மில்லிமீட்டருக்கு உள்ளேதான் எடுப்பார்கள், வலிக்காது, ஆனால் அந்தச் சத்தம் இருக்கிறதே, சிலேட்டில் ஆணி கிழிப்பது போல.

முதல் நாள் இரவு. சாப்பிடுவதற்கு ட்ரேயைக் கழற்ற வேண்டும், வரவில்லை. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று முன்பல்லைப் பிடித்து இழுத்து இழுத்துப் பத்து நிமிடம் போராடி, கட்டைவிரல் நகம் உடைந்து, கண்ணில் தண்ணீர் வந்து, வெளியே எல்லாரும் தட்டோடு காத்திருக்க, தம்பி கதவைத் தட்டி ‘அக்கா, பின்னால இருந்து கழட்டு’ என்றான். அவன் எங்கோ வீடியோவில் பார்த்திருக்கிறான். அதுதான் வழி: ஒரு பக்கக் கடைவாய்ப்பல்லின் உட்புறத்தில் விரல்நுனியை வைத்து நெம்பி, அப்புறம் மறுபக்கம், கடைசியில்தான் முன்பக்கம். மூன்றாம் நாள் ஐந்து விநாடியில் வந்துவிட்டது.

வலி விஷயத்தில் இரண்டுக்கும் குணம் வேறு. கிளிப்பில் ஒவ்வொரு முறை கம்பியை மாற்றியதும் முதல் இரண்டு மூன்று நாள் மெல்லவே முடியாது, அதற்குப் பிறகு அடங்கிவிடும். ஆனால் பிராக்கெட் கன்னத்தில் உரசிப் புண் வரும், கம்பி நுனி நீண்டு குத்தும், அதற்கு மெழுகு உருட்டி ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தம்பியின் சட்டைப் பையில் எப்போதும் மெழுகு டப்பா இருக்கும். அலைனரில் குத்தல் குறைவு, ஆனால் புது ட்ரே போட்ட முதல் இரண்டு நாள் பல் எல்லாம் இறுக்கிக் கட்டின மாதிரி இருக்கும், அது ஒவ்வொரு வாரமும் திரும்ப வரும். புது ட்ரேயைப் படுக்கப் போகும்போது மாற்றினால் இறுக்கத்தில் பாதி தூக்கத்தில் போய்விடும். பேச்சில் ஒரு வாரம் ‘ஸ’ வழுக்கியது. ழகரத்துக்கு ஒரு குறையும் வரவில்லை, நாக்கு மேலண்ணத்துக்குத்தானே போகிறது, அங்கே பிளாஸ்டிக் இல்லை.

சாப்பாட்டில்தான் அலைனர் ஜெயிப்பதாக விளம்பரம் சொல்லும். கழற்றிவிட்டு எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம், உண்மை. கிளிப் போட்டவர்கள் கடினமானதையும் ஒட்டுவதையும் ஒதுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிராக்கெட் பெயரும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 22 மணி நேரம் போட வேண்டும் என்கிறார்கள், கையில் இருப்பது 120 நிமிடம். மூன்று வேளை சாப்பாட்டுக்கு 25 நிமிடம் வீதம் 75, ஒவ்வொரு வேளையும் பல் தேய்க்க ஐந்து வீதம் 15, ஆக 90. மீதி 30இல்தான் உங்கள் காபி, அரட்டை, நொறுக்குத் தீனி எல்லாம். ட்ரேயோடு குடிக்கலாம் என்றால் அது வெறும் தண்ணீர் மட்டும்தான், அதுவும் சூடாக இருந்தால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். இனிப்புப் பானத்தை ட்ரேயோடு குடித்தால் சர்க்கரை பல்லுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும், எச்சில் வந்து கழுவ வழியில்லை, சொத்தைக்கு நாமே விருந்து வைத்தது போல. நான் நாள் முழுக்கக் கொறிக்கிற ஆள், முதல் மாதத்திலேயே அந்தப் பழக்கம் தானாக நின்றது.

சுத்தம் என்று பார்த்தால் அலைனர்தான். கழற்றித் தேய்த்தால் முடிந்தது. தம்பி பிராக்கெட்டுக்கு மேலே, கீழே, கம்பிக்கு அடியில் என்று குட்டி பிரஷ்ஷை வைத்துப் பத்து நிமிடம் நோண்டுவான், அவசரத்தில் விட்ட நாட்களும் உண்டு. கிளிப் கழற்றிய அன்று இரண்டு மேல்பல்லில் சதுரமாக வெள்ளைத் திட்டு, பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றி. அது அழுக்கு இல்லை, எனாமலில் தாதுச் சத்து கரைந்த தடம், தேய்த்தால் போகாது.

ஆனால் தொலைவது அலைனர் மட்டும்தான். அலுவலக கேன்டீனில் ட்ரேயை டிஷ்யூவில் சுற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டு, கை கழுவி, தட்டோடு குப்பையில் போட்டேன். மாடி ஏறிப் பாதி வழியில்தான் நினைவு வந்தது. குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துத் தேடுவதை மேலாளர் நின்று பார்த்தார். கிடைக்கவில்லை. டாக்டரிடம் கேட்டதில், அந்த ட்ரேயில் ஆறு நாள் ஆகிவிட்டதால் அடுத்ததற்குப் போகச் சொன்னார். இரண்டாம் நாளாக இருந்திருந்தால் முந்தையதைப் போட்டுப் பல்லைப் பிடித்து வைத்திருப்போம். எனவே பழைய ட்ரேயைத் தூக்கி எறியாதீர்கள், டப்பா இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

மற்ற இரண்டு வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செராமிக் கிளிப் என்பது பல் நிறத்தில் வரும் அதே கிளிப்தான், உலோகத்தைவிட உடையக்கூடியது, மேலே கட்டும் ரப்பர் கறை பிடிக்கும். பல்லின் உட்பக்கம் ஒட்டுகிற லிங்குவல் கிளிப் சுத்தமாக வெளியே தெரியாது, ஆனால் நாக்கு படாத பாடு படும், பேச்சும் நாள்கணக்கில் குழறும். அஞ்சலில் வரும் அலைனர் பக்கம் மட்டும் போகாதீர்கள், பல்லையும் ஈறையும் நேரில் பார்க்காமல், எக்ஸ்ரே இல்லாமல் ஆரம்பிக்கிற வேலை அது. 2014இல் தொடங்கிய ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் திடீரென்று கடையை மூடியபோது, பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் நட்டாற்றில் நின்றார்கள்.

எந்தப் பக்கம் போனாலும் முதலில் ஈறு நோயையும் சொத்தையையும் முடித்துக்கொள்ள வேண்டும். இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதித்த செயற்கைப் பல்) வைத்திருந்தால் அது எலும்போடு ஒட்டிப்போனது, எதாலும் நகராது, அதைச் சுற்றித்தான் திட்டம் போட முடியும். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு என்ன என்று கேட்டால், வீட்டில் மூக்குக் கண்ணாடியை எத்தனை தடவை தொலைத்திருக்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். மூன்றுக்கு மேல் என்றால் கிளிப்.

முடிகிற நேரத்தில் எனக்கு ஒரு பயம் வந்தது: முன்பல் எல்லாம் அழகாக நிற்க, கடைவாய்ப்பல் மேலும் கீழும் ஒட்டவில்லை, ஒரு தாள் நுழைகிற இடைவெளி. மாதக்கணக்கில் இரண்டு அடுக்கு பிளாஸ்டிக்கைக் கடித்திருந்ததால் வருவது அது. பெரும்பாலும் தானாகவே இறங்கிச் சேரும் என்றார் டாக்டர், எனக்கு மூன்று மாதத்தில் சேர்ந்தது.

அதற்கப்புறம் பல் மறுபடி நகராமல் பிடித்து வைக்கிற ரீடெய்னர், அங்கே கிளிப்காரரும் அலைனர்காரரும் ஒரே வரிசைக்கு வந்துவிடுகிறோம். நார்ப்படலம் பழைய இடத்துக்கே இழுக்கும், எலும்பு உறுதியாக மாதங்கள் ஆகும், அதன் பிறகும் வயதாக ஆகப் பல் நகரும். இரவு மட்டும் போட்டால் போதும், ஆனால் எத்தனை வருடம் என்று கேட்டால் டாக்டர் சிரிக்கிறார். தம்பிக்குக் கீழ்ப்பல்லின் பின்னால் மெல்லிய கம்பி ஒட்டியிருக்கிறது, மேலே கழற்றுகிற ரீடெய்னர். போன வருடம் ஊர் சுற்றப் போனவன் மூன்று வாரம் அதைப் போடாமல் இருந்துவிட்டு வந்தான். திரும்பி வந்து மாட்டியபோது உள்ளே போகவில்லை, அழுத்தி அழுத்திப் பார்த்தான். இப்போது அவன் என்னிடம் வந்து, ‘அக்கா, உன் அலைனர் டாக்டர் நம்பர் குடு’ என்கிறான்.