மேட் வார்னிஷ்: ஆறு வருடமாக நான் கெடுத்ததும் மீட்டதும்

கறுப்பு அங்கி போட்ட ஒரு மந்திரவாதி, பலகை விளையாட்டுக்காக நான் பெயின்ட் அடிக்கும் சின்னப் பொம்மைகளில் ஒன்று. அந்த அங்கியின் மடிப்புகளுக்கு மட்டும் நாலு மாலைப்பொழுது செலவானது. பெயின்ட்டுக்குக் காப்பாக, மின்னாத பூச்சான மேட் வார்னிஷை ஸ்ப்ரே அடித்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் மாவு டப்பாவுக்குள் விழுந்து எழுந்தவர் போல நிற்கிறார். ஆறு வருடத்துக்கு முன்னால் நடந்தது. அன்று வார்னிஷைத்தான் திட்டினேன். தப்பு பெரும்பாலும் என் கையில் இருந்தது என்று புரியவே ஒரு வருடம் பிடித்தது.

மேட் வார்னிஷ் என்பது பளபளப்பு வார்னிஷோடு பொடி கலந்த சமாச்சாரம். பெரும்பாலும் சிலிக்காப் பொடி. அந்தத் துகள்கள் மேற்பரப்பை நுண்ணிய அளவில் கரடுமுரடாக்குகின்றன. விழும் ஒளி ஒரே பக்கம் திரும்பாமல் சிதறுவதால் பளபளப்பு போகிறது. பொடியைச் சுற்றி வார்னிஷின் பிசின் முழுதாக நிறைந்திருக்கும் வரை அது கண்ணுக்குத் தெரியாது. பிசின் போதாமல் இடையில் காற்று புகுந்தால் வெள்ளையாகத் தெரியும். எனக்கு வந்த சிக்கல்களில் முக்கால்வாசி, பொடி இருக்க வேண்டிய இடத்தில் இல்லாததால் வந்தவைதான்.

முதலில் குலுக்கும் விஷயம். பொடி அடியில் போய்ப் படிந்துவிடும். சரியாகக் குலுக்காத பாட்டிலின் மேல் பாதி பளபளவென்று வரும். "மேட் என்று போட்டிருக்கிறது, மின்னுகிறதே" என்று குழம்புவோம். அதே பாட்டிலின் கடைசிக் கால்பங்கு பொடி மிகுந்து சுண்ணாம்பு போல வெளுக்கும். ஸ்ப்ரே டப்பாவை உள்ளே குண்டு உருளும் சத்தம் வந்த பிறகும் 2, 3 நிமிடம் குலுக்குகிறேன். பிரஷ்ஷால் பூசும் பாட்டிலில் துருப்பிடிக்காத சின்ன எஃகு குண்டுகள் இரண்டு போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் குலுக்கிய கையோடு பூசக்கூடாது, நுரை அடங்கட்டும். இல்லாவிட்டால் குமிழிகள் மூக்கு நுனியில் போய் உட்கார்ந்து அங்கேயே காய்ந்துவிடும்.

ஸ்ப்ரேயில் இன்னும் இரண்டு எதிரிகள்: தூரமும் ஈரப்பதமும். தள்ளி நின்று அடித்தால் துளிகள் காற்றிலேயே பாதி காய்ந்து தூசியாக வந்து ஒட்டும், தொட்டால் சொரசொரக்கும். கிட்டத்தில் அடித்தால் பள்ளங்களில் தேங்கும். 20 முதல் 30 சென்டிமீட்டர் எனக்குச் சரியாக வருகிறது. பொம்மைக்கு வெளியே தொடங்கி, கடந்து, வெளியே போய் நிறுத்துவேன். மழை நாளில் அடித்தால் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரத்தை இழுத்துப் படலத்துக்குள் சிறை வைக்கும். விளைவு பால் நிறம். இப்போதெல்லாம் ஈரப்பதமானியைப் பார்க்காமல் டப்பாவைத் தொடுவதில்லை. 60 சதவீதத்துக்கு மேல் என்றால் அன்று விடுமுறை. முகமூடியும் திறந்தவெளியும் கட்டாயம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, வெளுத்தே விட்டது. என்ன செய்வது?

பதறி மேலும் மேட் அடிக்காதீர்கள். நான் அடித்தேன். மாவின் மேல் மாவு.

முதலில் ஒரு பிரஷ்ஷில் தண்ணீர் தொட்டு வெளுத்த இடத்தில் வைத்துப் பாருங்கள். ஈரமாக இருக்கும்வரை பழைய நிறம் தெரிந்து, காய்ந்ததும் வெள்ளை திரும்பினால் நல்ல சகுனம். சிக்கல் மேற்பரப்பில்தான் இருக்கிறது. தண்ணீர் செய்ததைப் பளபளப்பு வார்னிஷ் நிரந்தரமாகச் செய்யும். அந்த இடுக்குகளைப் பிசினால் நிரப்பிவிடும், அவ்வளவுதான். மெல்லிய கோட் ஒன்று, முழுக்கக் காய்ந்த பிறகு தேவைப்பட்டால் இன்னொன்று. பொம்மை கண்ணாடி போல மின்னும், பயப்பட வேண்டாம். ஒரு நாள் கழித்து, நன்றாகக் குலுக்கிய மேட்டை மெல்லியதாக மேலே பூசினால் முடிந்தது. மந்திரவாதியை அப்படித்தான் மீட்டேன். முதுகுப் பக்கம் ஒரு மடிப்பில் மட்டும் இன்னும் லேசான புகை தெரியும், தெரிந்தவர் கண்ணுக்கு.

ஆலிவ் எண்ணெய் தடவுங்கள் என்று ஒரு வைத்தியம் சொல்வார்கள். செய்து பார்த்தேன், வெள்ளை மறைந்தது உண்மை. ஆனால் எண்ணெய்ப் பரப்பின் மேல் அடுத்த வார்னிஷ் எப்படிப் பிடிக்கும் என்ற சந்தேகம் எனக்குத் தீரவில்லை. மறுபடி செய்யவில்லை.

பள்ளத்தில் தேங்கிக் கெட்டியாகக் காய்ந்த வெள்ளைக்குப் பளபளப்பு வார்னிஷ் வைத்தியம் பாதிதான் பலிக்கும். அங்கே அடர்நிறத்தை வாஷ்ஷாக, அதாவது பள்ளத்தில் ஓடி இறங்கும் அளவுக்கு நீர்க்கவைத்து, விட்டு நிழலோடு நிழலாக மறைத்துவிடுகிறேன். வார்னிஷை மட்டும் கழற்றி எடுக்க முடியுமா என்றால், முடியாது. அக்ரிலிக் பெயின்ட்டின் மேல் அக்ரிலிக் வார்னிஷ். ஆல்கஹால் பட்டால் இரண்டும் சேர்ந்தே இளகி வந்துவிடும்.

இன்னொரு கூத்து: பலகை விளையாட்டுப் பெட்டிகளில் வரும் வளையும் பிளாஸ்டிக் பொம்மைகள். அவற்றில் சிலவற்றுக்கு ஸ்ப்ரே வார்னிஷ் அடித்து, வாரக்கணக்கில் பிசுபிசுவென்று நின்றன. மென்மைக்காகச் சேர்க்கும் பொருளும் ஸ்ப்ரேயின் கரைப்பானும் ஒத்துப்போகாததுதான் காரணம். காத்திருந்து பலனில்லை. அந்த வகைக்குத் தண்ணீர் அடிப்படையிலான வார்னிஷைப் பிரஷ்ஷால் பூசுவதோடு சரி.

எல்லா வெளுப்பும் கோளாறு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேட் பூசினாலே கறுப்பு கொஞ்சம் சாம்பலாகும், சிவப்பு கொஞ்சம் அடங்கும். அதனால் நிழலையும் வெளிச்சத்தையும் தேவைக்கு ஒரு படி கூடுதலாகவே வரைகிறேன். உலோக நிறங்கள்தான் பாவம், வாள் ஈயத்தகடாகிவிடும். மேட் காய்ந்த பிறகு வாள், கண், ரத்தினக்கல் மேல் மட்டும் சின்ன பிரஷ்ஷால் பளபளப்பு வார்னிஷைத் தொட்டுவிடுவேன்.

இப்போதைய என் வழக்கம் இதுதான். விளையாட்டில் கைபடும் பொம்மைகளுக்கு முதலில் பளபளப்பு ஒரு கோட். தேய்மானம் தாங்கும் உறுதி அதில்தான் இருக்கிறது. ஒரு நாள் கழித்து மேட், பெரும்பாலும் ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தால் தெளிக்கும் சின்னக் கருவி), கொஞ்சம் நீர்க்கவைத்து. மேட் சீக்கிரம் அதன் முனைத் துளையை அடைக்கும், அதனால் நாலைந்து பொம்மைக்கு ஒருமுறை கழுவுகிறேன். அலமாரியில் நிற்பவைக்கு மேட் மட்டும் போதும்.

ஆறு வருடம் விளையாடியவற்றைப் பார்த்தால், பெயின்ட் உரிந்தது மிகக் குறைவு. ஆனால் தோள்முனை, தொப்பி நுனி என்று விரல் படும் இடங்கள் பளபளக்கத் தொடங்கிவிட்டன. தேய்ந்து தேய்ந்து மேட்டே மெருகேறிவிட்டது. கூடவே கை எண்ணெய். மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து, உலர்ந்த பிறகு அந்த இடங்களில் மேட்டைத் தொட்டுவைத்தால் போதும்.

புது பாட்டில் எது வாங்கினாலும் முதல் கோட் மந்திரவாதியோடு பெட்டியில் வந்து, கறுப்பு அடித்தபடி கிடக்கும் ஒரு உதிரித் தளத்துக்குத்தான், அதாவது பொம்மையை நிறுத்தும் அடிவட்டுக்கு. அதன் மேல் இதுவரை பதினொரு வார்னிஷ் ஏறியிருக்கிறது.